வில்லியம் ஹெர்ஷலும் அவர்தம் முதல் தொலைநோக்கியும்

வானத்துச் சுடர்களை அணுகிக் காண விரும்பும் மாணாக்கர் முதலில் எழுப்பும் வினா, எத்தகைய தொலைநோக்கியை வாங்குவது என்பதே. அதற்கு விதிகளை வகுத்துரைப்பார் பலர் உளர். யாம் அவ்வழிச் செல்லாது, இதே வினாவுடன் தொடங்கி, பொருளையும் காலத்தையும் செலவிட்டுத் தடுமாறி, ஈற்றில் தமக்கேற்ற கருவியைக் கண்டடைந்த ஒருவரது சரித்திரத்தை எழுதப் புகுந்தோம். அவர் எந்தக் கல்லூரியிலும் பயின்றவரல்லர். சங்கீதத்தால் ஜீவனம் செய்தவர். வில்லியம் ஹெர்ஷல் என்பது அவர் பெயர்.

ஜெர்மனி தேசத்து ஹானோவர் நகரில் 1738-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 15-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் படையின் வாத்தியக் குழுவில் ஓபோ என்னும் குழல் வாசிப்பவர். மைந்தரும் இளமையிலேயே அக்குழுவிற் சேர்ந்தார். 1757-இல் பிரெஞ்சுப் படை ஹானோவர் நாட்டைக் கைக்கொண்ட காலத்தில் இங்கிலாந்து புகுந்து, சங்கீதப் பிரதிகளை எழுதிக் கொடுத்தும் பிறர்க்குக் கற்பித்தும் பல ஆண்டுகள் ஊர் ஊராய் உழன்றார். 1766-இல் பாத் நகரில் புதிதாய் எழுந்த எண்கோண வடிவான ஆலயமொன்றில் ஆர்கன் வாசிக்கும் பணி கிடைத்த பின்னரே அவர் வாழ்வு நிலைபெற்றது. 1772-இல் ஹானோவர் சென்று தங்கை கரோலினை உடன் அழைத்து வந்தார். அடுப்படியிலேயே அடைபட்டுக் கிடந்த அவ்வம்மையாருக்குப் பாட்டுக் கற்பித்து, அரங்கேறிப் பாடும் பாடகியாக்குதல் தமையனாரது எண்ணம்.

அவ்வெண்ணத்தின் குறுக்கே வந்தது ஒரு புத்தகம். சுரங்களின் இயல்பைப்பற்றி ராபர்ட் ஸ்மித் எழுதிய நூலைக் கற்ற ஹெர்ஷல், அவ்வாசிரியரே ஒளியைப்பற்றி எழுதிய நூலையும் தேடிக் கற்றார். 1773-ஆம் ஆண்டு மே மாதம் பெர்குஸன் என்பார் எழுதிய வானசாஸ்திர நூலை விலைக்கு வாங்கினார். படித்ததைக் கண்ணாற் காணாது இருக்க அவரால் இயலவில்லை. அப்போது அவருக்கு வயது 34. பகலெல்லாம் மாணவர்க்குப் பாடம், இரவில் புத்தகம்.

முதலில் 4 அடி நீளக் குழலுக்கு ஏற்ற கண்ணாடி வில்லையொன்றை வாங்கினார். அது பொருள்களை 40 மடங்கு பெரிதாக்கிக் காட்டியது. அது போதாதென்று 12 அடி, பின்னர் 15 அடி, அதன்பின் 30 அடி என நீண்ட குழல்களுக்கு உரிய வில்லைகளை வரவழைத்தார். தொடங்குவோர் பெரும்பாலும் செய்யும் பிழை இதுவே என எமக்குத் தோன்றுகிறது. எனினும் அக்காலத்து நிலையையும் கருதவேண்டும். தனி வில்லையொன்று ஒளியை வளைக்கையில் நிறங்களைப் பிரித்துவிடும். ஆகவே விண்மீனைச் சூழ்ந்து நீலமும் சிவப்புமான விளிம்பு தோன்றும். குழல் நீளுமளவு அக்குறை தணியும். நிறக்குறை நீங்கிய இரட்டை வில்லைகளை டாலண்டு என்பார் 1758 முதல் லண்டனில் விற்றுவந்தாரேனும், அவை விலைமிக்கவை.

கரோலின் அம்மையார் அட்டையினால் செய்து கொடுத்த நெடுங்குழல் தன் பாரத்தாலேயே நடுவில் வளைந்தது. தகரக் குழல் செய்வித்தார். அதனைத் தூக்கி நிறுத்துவதே பெரும்பாடாயிற்று. விண்மீனொன்றைக் குழலுக்குள் அகப்படுத்துமுன் கை சலித்துவிடும். அகப்பட்டாலும் காற்றின் சிறு அசைவில் ஓடிவிடும்.

சலிப்புற்ற ஹெர்ஷல், அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில், வேறொரு வகைக் கருவியை விலைக்கு வாங்காமல் வாடகைக்குப் பெற்றார். அது 2 அடி நீளமே உடையது. வில்லைக்கு மாறாகக் குழியாடியால் ஒளியைத் திரட்டும் கிரகரி வகைத் தொலைநோக்கி. ஆடி ஒளியைத் திருப்பியனுப்புவதன்றி நிறங்களைப் பிரிப்பதில்லை. ஆதலின் நெடுங்குழல் வேண்டுவதில்லை. இக்குறுங்கருவியைத் தனியொருவராய்க் கையாண்டு, நினைத்த இடத்தில் திருப்பி, வானத்தைத் துழாவ முடிந்தது. 30 அடிக் குழல் தராத இன்பத்தை 2 அடிக் குழல் தந்தது. அவர் செய்த செயல்களுள் வாங்குமுன் வாடகைக்கு எடுத்துப் பார்த்த இச்சிறு செயலை யாம் மிகவும் மெச்சுகிறோம்.

இவ்வகையில் இன்னும் பெரியதொன்று வேண்டுமென்று லண்டனில் வினவியபோது, அவர் விரும்பிய அளவில் ஆயத்தமான ஆடி கிடைக்கவில்லை; செய்து தருவதாகச் சொன்னவர் கேட்ட விலையோ அவரது தகுதிக்கு மிஞ்சியது. பாத் நகரில் ஆடி தேய்க்கும் தொழிலில் ஈடுபட்டுக் கைவிட்ட ஒருவரிடம் அச்சுகளையும் கருவிகளையும் வாங்கித் தாமே செய்யத் தொடங்கினார். செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தை வார்த்து, தேய்த்து, மெருகேற்றவேண்டும். வீடு பட்டறையாயிற்று. விருந்தினர் அமரும் கூடத்தில் தச்சர் குழல் செய்ய, படுக்கையறையில் தம்பி அலெக்சாண்டர் கடைசல் பொறியைச் சுழற்றினார். 1774-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 1-ஆம் நாள், தம் கையாற் செய்த 5½ அடி நியூட்டன் வகைத் தொலைநோக்கியால் சனியின் வளையத்தையும் ஓரியன் மண்டலத்து நெபுலாவையும் கண்டு குறித்துவைத்தார்.

மெருகேற்றுகையில் கையை எடுத்தால் ஆடியின் வடிவு கெடும். ஒருமுறை 16 மணி நேரம் கையெடாது அவர் உழைத்தபோது, கரோலின் அம்மையார் உணவைச் சிறுசிறு கவளமாக அவர் வாயில் ஊட்டினார். கதைகளைப் படித்துக் காட்டினார். அம்மையாரின் சங்கீதப் பயிற்சியோ நாளுக்கு நாள் குறைந்தது. 1778-இல் முதன்மைப் பாடகியாய் விளங்கி, பர்மிங்ஹாமிலிருந்து அழைப்பும் பெற்ற அவர், தமையனாரைப் பிரிந்து பாட இசையாமல் அதை மறுத்தார். ஹெர்ஷலின் தொலைநோக்கிக்கு விலை கொடுத்தவர் ஹெர்ஷல் ஒருவரே என எண்ணுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

அவரது புகழ்பெற்ற கருவி 7 அடி நீளமும் 6.2 அங்குல அகலமுள்ள ஆடியும் உடையது. 1781-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 13-ஆம் நாள் இரவு, பாத் நகரில் தம் வீட்டுப் பின்புறத் தோட்டத்தில் நின்று, மிதுன ராசியில் ஒரு சுடரைக் கண்டார். அவர் பொருத்தியிருந்த கண்வில்லை 227 மடங்கு பெருக்குவது. ஐயுற்று 460, 932 மடங்கு வில்லைகளை மாற்றினார். விண்மீன்கள் எவ்வளவு பெருக்கினும் அதற்கேற்ப வட்டமாய் விரிவதில்லை, இச்சுடரோ விரிந்தது. வால்மீன் எனவே அவர் அறிவித்தார். கணிதர் அதன் பாதையை ஆய்ந்து, சனிக்கு இருமடங்கு தொலைவிலுள்ள கிரகம் எனத் துணிந்தனர். யுரேனஸ் என இன்று வழங்குவது அதுவே. பிளாம்ஸ்டீடு என்னும் வானநூலார் 1690-இலேயே இதைக் கண்டு விண்மீனாகக் குறித்திருந்தார்.

இக்காலத்தில் 50 மில்லிமீட்டர் வில்லையுள்ள சிறு கருவியின் பெட்டிமேல் 500 மடங்கு என்று அச்சிட்டு விற்பதைக் காணுந்தோறும் எமக்கு ஹெர்ஷலின் நினைவு வருகிறது. ஒளியைத் திரட்டுவது அகலமே. பெருக்கம் கண்வில்லையை மாற்றினால் மாறுவது. அகலத்தில் அங்குலத்திற்கு 50 மடங்குக்குமேல் பெருக்கினால் பெரும்பாலும் மங்கலே மிஞ்சும். ஹெர்ஷல் முதலில் நோக்கிய 227 மடங்கு அவ்வெல்லைக்கு உட்பட்டதே. இன்று 6 அங்குல நியூட்டன் வகைக் கருவியை எளிய மரப்பீடத்துடன் வாங்கும் மாணாக்கர், அவருடைய ஆடிக்கு ஒப்பான அகலமும், அலுமினியம் பூசப்பட்டதால் அதனினும் மிகுந்த ஒளியும் பெறுகிறார்.

1782-இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் ஆண்டுக்கு 200 பவுன் அளித்தார். அது சங்கீத வருவாயினும் குறைவு. அவ்வாண்டு பெந்தெகொஸ்தே ஞாயிறன்று தமையனும் தங்கையும் ஆலயத்தில் கடைசிமுறையாகப் பாடிப் பணியைத் துறந்தனர். கரோலின் அம்மையார் தமக்கெனத் தமையனார் செய்தளித்த சிறு தொலைநோக்கியால் 1786 முதல் 1797 வரை 8 வால்மீன்களைக் கண்டார்.

பெரியதன்மேல் ஹெர்ஷலுக்கு இருந்த ஆசை மட்டும் தீரவில்லை. மன்னர் தந்த 4000 பவுனைக்கொண்டு ஸ்லௌ என்னும் ஊரில் 40 அடி நீளமும் 4 அடி அகல ஆடியும் கொண்ட தொலைநோக்கியை 1789-இல் முடித்தார். அதனால் அவ்வாண்டே சனியின் துணைக்கோள்கள் இரண்டு தெரியவந்தன. ஆனால் ஆடி விரைவில் களிம்பேறும். திருப்புவதற்கு ஏவலாட்கள் வேண்டும். தெளிந்த இரவுகளோ சில. ஊரார் வியந்து காணவந்த அப்பெருங்கருவியை விடுத்து, 20 அடிக் கருவியையே அவர் நாடோறும் பயன்படுத்தினார். ஏறத்தாழ 2500 நெபுலாக்களையும் விண்மீன் திரள்களையும் அட்டவணைப்படுத்தியது அதனாலேயே.

1822-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 25-ஆம் நாள் ஹெர்ஷல் காலமானார். 1839-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் மைந்தர் ஜான், பழுதுற்ற 40 அடிக் கருவியைக் கழற்றி இறக்கினார். ஆண்டின் கடைசி இரவில், தரையிற் கிடத்திய அக்குழலினுள்ளே குடும்பத்தினர் அனைவரும் அமர்ந்து, ஜான் இயற்றிய பாட்டொன்றைப் பாடினர். கரோலின் அம்மையார் அப்போது ஹானோவரில் இருந்தார். அவருக்கு வயது 89.