வெற்றுக் கடதாசியில் ஒரு கையொப்பம்

யாழ்ப்பாணத்துக் கூத்து மேடைகளிலே பூதத்தம்பியின் கதை தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டு வந்திருக்கின்றது. ஊர்காவற்றுறையில் இடிந்து கிடக்கும் பழைய கோட்டை ஒன்றும் அவர் பெயராலே வழங்குகின்றது. அவர் மனைவி அழகவல்லியின் துயரத்துக்குக் கண்ணீர் வடித்தவர் பலர். எனினும், அக்கதையின் உள்ளே கிடப்பது ஓர் ஒற்று வழக்கு என்பதை நினைப்பவர் சிலரே.

1619 முதல் போர்த்துக்கேயர் ஆண்ட யாழ்ப்பாணத்தை, மூன்று மாதத்துக்கு மேற்பட்ட முற்றுகையின்பின், 1658 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஒல்லாந்தர் கைக்கொண்டனர். நாடு அவர்க்குப் புதிது, மொழியோ தெரியாது. நேற்றுவரை பறங்கிக்கு ஊழியஞ் செய்த முதலிமாரையே தமக்குக் கண்ணாகவும் செவியாகவும் கொள்ள வேண்டியவராயினர். அவருள் எவன் புதிய எசமானனின் உப்பைத் தின்றுகொண்டு பழையவனுக்கு ஓலை விடுகின்றான்? இந்த ஐயம் கோட்டைக்குள் இரவும் பகலும் உறங்காதிருந்தது.

ஐயம் வீணுமன்று. அவ்வாண்டிலேயே அதிகாரிகளைக் கொன்று கோட்டையைக் கவரும் சதியொன்று வெளிப்பட்டது. அக்காலத்தில் இங்கிருந்த பல்தேயு பாதிரியார், 1672 இல் அம்ஸ்ரடாமில் வெளிவந்த தம் நூலில் அதனை விரித்துரைக்கின்றார். பலர் கொடிய தண்டனை அடைந்தனர். சதியை அறிந்தும் அறிவியாதிருந்தார் என்று ஓர் இயேசுசபைக் குருவும் சிரச்சேதம் செய்யப்பட்டார்.

பூதத்தம்பியின் முடிவை ஆய்வாளர் சிலர் இந்தச் சதியோடு இணைத்துப் பார்ப்பர். மாதகல் மயில்வாகனப் புலவர் 18 ஆம் நூற்றாண்டில் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை கூறுவதோ வேறு. ஒல்லாந்தரிடம் உயர்ந்த உத்தியோகத்தில் இருந்தவர் பூதத்தம்பி. அவரோடு உத்தியோகம் பார்த்தவன் அந்திராசி. விருந்துக்கு வந்தவிடத்து அழகவல்லியைக் கண்டு தகாத ஆசை கொண்டான். அவளோ அவனை இகழ்ந்து துரத்தினாள். வஞ்சினங் கொண்ட அந்திராசி, மரம் பெறுவதற்கென்று சாட்டுச் சொல்லி, பூதத்தம்பியிடம் எழுதாத கடதாசியிலே கையொப்பம் வாங்கினான். அதன்மேல், போர்த்துக்கேயரை மீண்டும் வரும்படி அழைக்கும் கடிதத்தை எழுதி அதிகாரியிடம் காட்டினான். விசாரணை என்று சொல்லத்தக்க ஒன்றும் நடக்கவில்லை. தலை வெட்டப்பட்டது.

கையொப்பம் மெய்யே, கடிதமே பொய். ஆராய்ந்தவர் நோக்கியது அடியிலிருந்த பெயரை மட்டும். மேலுள்ள எழுத்து எவர் கையெழுத்து? கடிதம் எவ்வழியாக அந்திராசி கையிற் சேர்ந்தது? கொண்டுபோக இருந்த தூதன் எங்கே? கொண்டுவந்தவனுக்கும் குற்றஞ் சாட்டப்பட்டவனுக்கும் முன்பகை உண்டோ? இவற்றுள் ஒன்றையேனும் கேட்டிருந்தால் வழக்கு அன்றே தலைகீழாகியிருக்கும். அச்சங் கொண்ட ஆட்சிக்குக் கேள்வி கேட்கப் பொறுமை இராது போலும்.

ஐரோப்பாவிலும் இதை ஒத்த ஒன்று பின்னாளில் நிகழ்ந்தது. 1894 இல், செர்மனியருக்கு இரகசியம் விற்றான் என்று பிரான்சியப் படைத்தலைவர் திரைபஸ் தண்டிக்கப்பட்டார். சான்றாக நின்றது ஒரு கடிதத்தின் கையெழுத்து. 1896 இல் ஒற்றுப் பிரிவின் தலைவராயிருந்த பிக்கார், அவ்வெழுத்து எஸ்தராசி என்னும் வேறோர் அதிகாரியுடையது என ஒப்புநோக்கிக் கண்டார். மெய்யான ஒற்றன் வெளிப்பட்டான். ஆயினும் திரைபஸ் குற்றமற்றவரெனத் தீர்ப்புப் பெற 1906 வரை காத்திருக்க நேர்ந்தது. அவர் உயிரோடிருந்தமையாலேயே காத்திருக்க இயன்றது.

பூதத்தம்பிக்காக வழக்குரைக்க அழகவல்லியின் உடன்பிறந்தான் கயிலாயபிள்ளை கொழும்புக்குச் சென்றான் என்பர். மேலதிகாரிகள் அவன் முறைப்பாட்டைக் கேட்டு, தண்டனை விதித்த அதிகாரியையும் அந்திராசியையும் அங்கே வரும்படி கட்டளையிட்டனராம். அதிகாரி கடல்வழியே செல்கையில் நீரிற் பாய்ந்து மாண்டான். தரைவழியே சென்ற அந்திராசியைக் காட்டிலே யானை கொன்றது. கொழும்பில் விசாரிக்கப்பட இருவருள் ஒருவரும் போய்ச் சேரவில்லை.