கல்லூரி வாலிபர்களும் காயிதே மில்லத்தும்

மர்ஹூம் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் அவர்களின் பெயரைக் கேளாத தமிழ் முஸ்லிம் வணிகர் நம்மில் அரியர். எனினும் அன்னாரை அரசியல் தலைவராக அறிந்த அளவுக்கு, மாணவப் பருவத்திலேயே பொதுப்பணி பயின்றவராக நாம் அறிந்தோமில்லை. கல்லூரிகளில் பயிலும் நம் பிள்ளைகளை முன்னிட்டு அவ்வரலாற்றைச் சுருக்கமாக வரைகிறோம்.

அன்னார் 1896-ம் ஆண்டு ஜூன் 5-ம் தேதி திருநெல்வேலிப் பேட்டையில், மார்க்கக் கல்வி உடைய வணிகர் குடும்பத்தில் பிறந்தார்கள். சிறு வயதிலேயே தந்தையை இழந்து தாயாரின் அரவணைப்பில் வளர்ந்தார்கள். 1909-ல், 13 வயதில், ஊரில் முஸ்லிம் வாலிபர் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தார்கள். சங்கம் நடத்துவதென்றால் கூட்டம் கூட்ட வேண்டும். நடவடிக்கைகளை எழுதி வைக்க வேண்டும். சந்தாப் பணத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். நமக்கு ஒவ்வாத கருத்தையும் பொறுமையாகக் கேட்க வேண்டும். இவற்றை ஏட்டில் படித்து அறிவது கடினம். செய்து பழகினால் எளிது. பின்னாளில் சட்டசபையில் கைகொடுத்த பழக்கங்கள் இவையே அன்றோ!

1918-ல் மஜ்லிசுல் உலமாவைத் தோற்றுவிப்பதில் முன்னின்றார்கள். 1920-ல் ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது பட்டப் படிப்பையே துறந்தார்கள். பின்னர் சென்னையில் தோல் வணிகத்தில் ஈடுபட்டு, நம்மைப்போல் கணக்கும் சரக்கும் பார்த்தவர்களே. ஆயினும் கடை உண்டு, தாம் உண்டு என்று இருந்துவிடவில்லை. 1946 முதல் 1952 வரை சென்னைச் சட்டசபையில் எதிர்க்கட்சித் தலைவராய் இருந்தார்கள். 1948-ல் இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கின் தலைமையை ஏற்றார்கள்.

அரசியல் நிர்ணய சபையில் ஆட்சிமொழி பற்றிய விவாதம் 1949-ல் நடந்தது. தமிழுக்கு அத்தகுதி உண்டென்று அன்னார் வாதாடினார்கள். சபை அதை ஏற்கவில்லை. அதற்காக அன்னார் சபையை வெறுக்கவுமில்லை, ஒதுங்கவுமில்லை. ராஜ்ய சபையிலும், 1962 முதல் மஞ்சேரித் தொகுதியின் பிரதிநிதியாக லோக் சபையிலும் தொடர்ந்து பணியாற்றினார்கள். வாக்கெடுப்பில் தோற்றபின்னும் கண்ணியத்தோடு நிற்கும் இப்பண்பே மாணவர் முதலில் கற்க வேண்டியது.

தாம் பட்டம் துறந்தவராயினும் சமுதாயப் பிள்ளைகள் பட்டம் பெற வேண்டுமென்பதில் அன்னார் உறுதியாய் இருந்தார்கள். 1951-ல் சென்னையில் புதுக்கல்லூரியும், திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியும் எழுந்தன. இவற்றுக்குத் தோள்கொடுத்தவர்களில் வணிகப் பெருமக்கள் பலர் என்பதை நாம் மறத்தல் தகாது.

இனி நம் ஊருக்கு வருவோம். மலேசியாவில் வாக்களிக்கும் வயதை 21-லிருந்து 18 ஆக்கும் திருத்தம் 2019-ல் நிறைவேறி, 2021 டிசம்பர் 15 முதல் நடைமுறையில் இருந்து வருகிறது. பெயர்ப்பதிவும் தானாகவே நடைபெறுகிறது. ஸ்ரீ இஸ்கந்தரிலும் ஈப்போவிலும் பயிலும் லூமுட் பிள்ளைகளுக்கு வாக்கு வீடு தேடி வந்துவிட்டது. ஆனால் வாக்கைப் பயன்படுத்தும் அறிவு அப்படித் தானாக வருமா?

படிப்பு முடியட்டும், பொதுக்காரியம் பிறகு பார்க்கலாம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். விடுமுறைக்கு வரும் பிள்ளையைக் கல்லாவில் உட்கார்த்தி வைப்பதோடு நம் பயிற்சி முடிந்துவிடுகிறது. படிப்பை விடுங்கள் என்று நாம் எவரையும் சொல்லவில்லை. நம் சங்கத்தின் நிர்வாகக் கூட்டத்தில் கல்லூரி மாணவர் இருவருக்கு இடம் அளிப்போம். கூட்டக் குறிப்பையும் வரவு செலவையும் அவர்களே எழுதட்டும். வடிகால், தெருவிளக்கு, குப்பை பற்றிய குறைகளை மஞ்சோங் நகராண்மைக் கழகத்துக்கு அவர்களே மனுவாக எழுதி, பதில் வரும்வரை பின்தொடரட்டும். பெரியவர்கள் சொன்னதற்கு மாறாக அவர்கள் பேசினாலும் கேட்கும் பொறுமை நமக்கு வேண்டும்.

காயிதே மில்லத் அவர்கள் 1972 ஏப்ரலில் இறையடி சேர்ந்து, சென்னை திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கமாகியுள்ளார்கள். ஆண்டுதோறும் அன்னாரை நினைவுகூர்வது நன்று. அன்னார் 13 வயதில் செய்ததை நம் பிள்ளைகள் 20 வயதிலேனும் செய்ய வழிவிடுவது அதனினும் நன்று. அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.