கடுக்கனை அடகு வைத்த சிறுவன்

செம்பைப் பொன்னாக்கும் இரசவாதம் என்ற வித்தையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? காரியாபட்டிக்கு வடகிழக்கே, வைகைக் கரையில் உள்ளது திருப்புவனம். அங்கே பொன்னனையாள் என்ற பெண்ணின் பாத்திரங்களை, சித்தராக வந்த சிவன் பொன்னாக்கினார் என்று திருவிளையாடற் புராணம் கதை சொல்கிறது. அடுப்பில் வைத்தால் பாத்திரம் பொன்னாகாது என்பார் உங்கள் அறிவியல் ஆசிரியர். சரிதான்! ஆனால், மனித மனம் அடியோடு மாறுவதையும் பெரியவர்கள் இரசவாதம் என்றே சொன்னார்கள்.

அப்படி மாறிய ஒரு பையன், காரியாபட்டிக்குத் தென்கிழக்கே உள்ள திருச்சுழியில், 1879 டிசம்பர் 30ல் பிறந்தான். பெயர் வேங்கடராமன். அப்பா சுந்தரமய்யர், அம்மா அழகம்மாள்.

படிப்பில் அவனுக்கு அவ்வளவாக அக்கறை இல்லை. குஸ்தி, கால்பந்து, நீச்சல் என்றால் உயிர். தூக்கமோ கும்பகர்ணத் தூக்கம்! விழித்திருக்கும்போது அவனை எதிர்க்க பயந்த பையன்கள், தூங்கும்போது தூக்கிப்போய் நன்றாக அடித்துவிட்டு, திரும்பக் கொண்டுவந்து படுக்க வைத்துவிடுவார்களாம். அவனுக்கு ஒன்றுமே தெரியாது.

1892ல் அப்பா இறந்துபோனார். வேங்கடராமனும் அண்ணன் நாகசாமியும் மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தனர். 1896 ஜூலையில் ஒருநாள், வீட்டு மாடியில் தனியாக உட்கார்ந்திருந்த அவனுக்கு, சாகப்போகிறோம் என்ற பயம் திடீரென்று வந்தது. உடம்பில் நோய் எதுவும் இல்லை. அவன் கத்தவில்லை, யாரையும் கூப்பிடவும் இல்லை. படுத்துக்கொண்டு யோசித்தான். உடம்பு போனாலும் போகாத ஒன்று தனக்குள் இருக்கிறது என்று தெளிந்தான். பயம் போய்விட்டது. அப்போது அவனுக்கு வயது 16.

அதன்பிறகு ஆளே மாறிவிட்டான். யார் சீண்டினாலும் சண்டைக்குப் போவதில்லை. எந்தச் சாப்பாடு போட்டாலும் குறை சொல்வதில்லை. பாடத்திலும் மனம் செல்லவில்லை. இதற்காக ஒருநாள் அண்ணன் கடிந்துகொண்டார். அன்று, ஆகஸ்ட் 29, அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்கு இருந்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டு வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டான். (நீங்கள் யாரும் இப்படிக் கிளம்பிவிடாதீர்கள்! மகன் எங்கே என்று தெரியாமல் அந்த அம்மா பட்ட பாடு கொஞ்சமல்ல.)

கையிலிருந்த பணம் வழியிலேயே தீர்ந்தது. கொஞ்ச தூரம் நடந்தான். திருக்கோவிலூர் பக்கம் கீழூரில் தன் தங்கக் கடுக்கனை நான்கு ரூபாய்க்கு அடகு வைத்தான். அடகுச் சீட்டை வாங்கி, கிழித்தே போட்டுவிட்டான்! செப்டம்பர் 1ல் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்ததும், மிச்சமிருந்த காசையும் குளத்தில் எறிந்தான். பொன்னுக்காக ஊர் ஊராக அலைபவர்கள் உண்டு. இவன் காதில் கிடந்த பொன்னையே விட்டுவிட்டான்.

பிறகு 54 ஆண்டுகள் அந்த ஊரைவிட்டு அவர் நகரவில்லை. அவர்தான் ரமண மகரிஷி. வெளிநாட்டினரும் தேடி வந்தார்கள். அவரோ விடியற்காலையில் எழுந்து ஆசிரம சமையலறையில் காய்கறி நறுக்கிக்கொண்டிருப்பார். பசு, குரங்கு, அணில் எல்லாமே அவருக்கு உறவு.

1924 ஜூன் 26 இரவு ஆசிரமத்தில் திருடர்கள் புகுந்து, அவரைத் தொடையில் அடித்தார்கள். சீடர் ஒருவர் கோபத்தோடு இரும்புக் கம்பியைத் தூக்கினார். நாக்கைப் பல் கடித்துவிட்டால் பல்லைத் தட்டிவிடுவோமா என்று கேட்டு, ரமணர் அவரைத் தடுத்துவிட்டார். திருடர்களுக்குக் கிடைத்ததோ சில ரூபாயும் சிறு வெள்ளிப் பொருள்களும்தான்.

1950 ஏப்ரல் 14ல் ரமணர் மறைந்தார். திருச்சுழியில் கோயிலுக்கு அருகே அவர் பிறந்த வீடு, சுந்தர மந்திரம் என்ற பெயரில் இன்றும் இருக்கிறது.