விமலசுரேந்திரவின் கணக்கு

கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டு மின்னழுத்தி 230 வோல்ற்றில் 4 அம்பியர் எடுக்கிறது. வகுத்தால் தடை 57.5 ஓம், பெருக்கினால் வலு 920 வாற்று. இந்தக் கணக்குத்தான் என்னை டி. ஜே. விமலசுரேந்திரவிடம் கொண்டுபோனது.

1874இல் காலியில் பிறந்த பொறியியலாளர். நாங்கள் வோல்ற்றையும் அம்பியரையும் பெருக்குவதுபோல, அவர் நீர் விழும் உயரத்தையும் வரும் நீரின் அளவையும் பெருக்கி வலுவைக் கண்டார். 1918இல் லக்சபான திட்டத்தைப் பொறியியலாளர் சங்கத்தில் முன்வைத்தார். வேலை தொடங்கியது, பணமில்லையென்று இடையில் நின்றது. 1931இல் அரசாங்க சபைக்கே உறுப்பினராகப் போய் அதற்காக வாதாடினார்.

1950இல்தான் லக்சபான இயங்கியது. 25 மெகாவாற்று, எங்கள் மின்னழுத்தியைப் போல் ஏறத்தாழ 27,000 சூடாகும். 32 வருடக் காத்திருப்பு! பரீட்சை முடிவுக்கே பொறுமையில்லாதவள் நான். 1953இல் அவர் காலமானார்.