மூன்றாம் வகுப்பும் முதல் மோட்டார் சைக்கிளும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

மழை பெய்தால் கால் வைக்க முடியாத மண் எங்கள் கரிசல் மண். வெயில் அடித்தாலோ வெடிப்புக்குள் கால் போகும். அந்த மண்ணில் கம்பும் மிளகாயும் பருத்தியும் போட்டு என்னைக் கல்லூரிக்கு அனுப்பியவர் என் ஐயா. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். புதூரில் காலைப் பேருந்தைத் தவறவிட்டால் முதல் வகுப்பு போயிற்று என்று சொல்லியே ஒரு மோட்டார் சைக்கிள் கேட்டேன். உண்மையைச் சொன்னால் பேருந்து ஒரு சாக்கு. குனிந்து உட்கார்ந்து சீறிப் பாயும் பந்தய வண்டியின் மீதுதான் என் கண் இருந்தது.

அந்த ஆசையின் கதையைச் சொல்லும் முன், என்னைப் போலவே ஒரு வண்டியைக் கண்டு மயங்கிய ஒருவரின் வரலாற்றைச் சொல்ல வேண்டும். அவர்தாம் கோவை தந்த அறிவியல் மேதை கோபால்சாமி துரைசாமி நாயுடு, நாடறிந்த ஜி.டி. நாயுடு.

1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். தாயைச் சிறு வயதிலேயே இழந்தார். பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. ஒரு நாள் வருவாய்த்துறை ஆங்கில அதிகாரி ஒருவர் ஏறி வந்த மோட்டார் சைக்கிளைக் கண்டார். மாடும் இழுக்கவில்லை, குதிரையும் இழுக்கவில்லை. ஆயினும் வண்டி ஓடுகிறது! எப்படி ஓடுகிறது என்ற கேள்வி அந்த இளைஞரை உறங்க விடவில்லை.

அது இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் செய்யப்பட்ட ‘ரட்ஜ்’ வண்டி. அந்நாளில் பந்தயப் பாதைகளில் பேர் பெற்றது. 1914இல் மான் தீவின் புகழ்பெற்ற பந்தயத்தை வென்றதும் ரட்ஜ்தான். அப்படிப்பட்ட வண்டியை ஓர் உழவர் மகன் எப்படி வாங்குவது? நாயுடு கோவைக்கு வந்தார். ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். காசுக்கு மேல் காசு சேர்த்து, சுமார் 300 ரூபாய் கொடுத்து அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார் என்பது அவர் வரலாறு.

வாங்கியவர் ஊரைச் சுற்றி வலம் வந்தாரா? இல்லை. வண்டியைக் கழற்றினார்! ஒவ்வோர் உறுப்பாகப் பிரித்துப் பார்த்தார், மீண்டும் பூட்டினார். ஆசிரியர் இல்லை, பாடநூல் இல்லை. அந்த வண்டியே அவருக்குக் கல்லூரி. அதன்பின் எந்திரம் பழுது பார்க்கும் தொழிலில் இறங்கினார்.

இடையில் பருத்தி வாணிகமும் செய்தார். திருப்பூரில் ஈட்டிய செல்வத்தைப் பம்பாய்ப் பருத்திச் சந்தையில் இழந்தார். பருத்தியின் ஏற்ற இறக்கம் கரிசல்காட்டு மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அவர் ஓய்ந்துவிடவில்லை. 1920இல் ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒற்றைப் பேருந்து பெருகி யூ.எம்.எஸ். என்னும் பெரும் போக்குவரத்து நிறுவனமாயிற்று. மின்சாரச் சவரக் கருவி செய்தார். 1937இல் இந்தியாவின் முதல் மின்மோட்டார் கோவையில் உருவானதில் அவருக்கும் பங்குண்டு. கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி எழப் பொருள் கொடுத்ததோடு அதன் முதல்வராகவும் இருந்தார். மூன்றாம் வகுப்பு படித்தவர் கல்லூரி முதல்வர்! 1974 ஜனவரி 4ஆம் நாள் மறைந்தார்.

இனி என் கதை. நானும் இரண்டு கோடை விடுமுறைகளில் ஓர் உணவகத்தில் இலை போட்டேன், மேசை துடைத்தேன். சேர்ந்த பணத்தோடு ஐயா மிளகாய் விற்ற பணத்தையும் கூட்டி, ஒரு பழைய பந்தய வண்டியை வாங்கினேன். நிறம் பார்த்தேன், ஒலி கேட்டேன், வேறொன்றும் பார்க்கவில்லை. நாயுடு வாங்கியதும் கழற்றினார். நான் வாங்கியதும் முறுக்கினேன்.

ஐப்பசி மழை பெய்த ஒரு மாலை. டிராக்டர் சக்கரங்கள் கொண்டு வந்த கரிசல் சேறு தார்ச்சாலையில் பூசிக் கிடந்தது. எதிரே ஆடுகள் வந்தன. முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். வண்டி படுத்துவிட்டது. பின்னால் என் தங்கை இருந்தாள். அவள் தாடையில் ஐந்து தையல். என் தலைக்கவசம் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கென்று ஒன்று வாங்கவே இல்லை. ஐயா என்னைத் திட்டவில்லை. தங்கையின் கட்டை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

அந்த நாட்களில்தான் நூலகத்தில் நாயுடுவின் வரலாற்றைப் படித்தேன். மறுநாளே வண்டியைத் தள்ளிக்கொண்டு ஊரில் உள்ள மெக்கானிக் அண்ணாச்சியிடம் போனேன். கூட இருந்து கழற்றினேன். முன் பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு தெரிந்தது. டயரில் வரியே இல்லை. செயின் தொங்கியது. முன் ஃபோர்க்கில் எண்ணெய் கசிந்தது. ஆர்.சி. புத்தகத்திலோ இன்னும் பழைய உரிமையாளர் பெயர், காப்பீடும் காலாவதி. வாங்கும் முன் அரை மணி நேரம் செலவிட்டிருந்தால் இத்தனையும் தெரிந்திருக்கும்.

வேகத்தால் மாண்ட பெரியவர்களும் உண்டு. முதல் உலகப் போரில் அரபு நாட்டில் புகழ் பெற்ற ஆங்கிலேயர் டி.இ. லாரன்ஸ், 1935 மே 13ஆம் நாள் தம் பிரஃப் சுப்பீரியர் வண்டியில் சென்றபோது, மிதிவண்டியில் வந்த இரு சிறுவர்கள் மீது மோதாதிருக்க ஒதுங்கித் தூக்கி எறியப்பட்டார். தலைக்காயத்தால் ஆறாம் நாள் இறந்தார். அவருக்கு மருத்துவம் பார்த்தவர்களுள் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ், பின்னர் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941இல் தலைக்கவசத்தின் பயனை எடுத்துக்காட்டினார். நாம் கைப்பிடியில் தொங்கவிடும் கவசத்துக்குப் பின்னே ஓர் உயிரின் விலை இருக்கிறது.

நண்பர்களே! பழைய வண்டி வாங்குவது குற்றமன்று. நாயுடு வாங்கியதும் பழைய வண்டிதான். எந்திர எண்ணையும் சேசிஸ் எண்ணையும் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். பெயரை மாற்றுங்கள். நம்பகமான மெக்கானிக்கை அழைத்துச் செல்லுங்கள். ஈரத்தில் முன் பிரேக்கைத் திடீரென்று இறுக்காமல், வேகத்தை முன்பே குறைத்து, இரு பிரேக்கையும் மெல்லப் பிடியுங்கள். பின்னால் அமர்பவருக்கும் ஒரு கவசம் வாங்குங்கள்.

நானும் இப்போது இரண்டு கவசங்கள் வைத்திருக்கிறேன். தங்கை இன்னும் என் வண்டியில் ஏறவில்லை. ஏறு என்று நான் கேட்கவும் இல்லை. ஞாயிறுதோறும் திண்ணையோரம் வண்டியைக் கழற்றித் துடைக்கும்போது, ஸ்பேனரை எடுத்துக் கொடுக்க மட்டும் பக்கத்தில் வந்து உட்காருகிறாள்.