கதையைக் காத்த நோட்டுப் புத்தகம்



வெண்பனிச் சிறுமியும் ஏழு குள்ளர்களும் அட்டையில் சிரிக்கும் நோட்டுப் புத்தகங்களைக் கடையில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கதை ஜெர்மானிய மக்களின் வாய்மொழியாக வந்தது. அதைக் கேட்டு ஏட்டில் எழுதி வைத்தவர்கள் கிரிம் சகோதரர்கள். மூத்தவர் யாக்கோப், இளையவர் வில்ஹெல்ம். மூத்தவரின் வாழ்க்கையைச் சற்றுப் பார்ப்போமா?

யாக்கோப் கிரிம் 1785 ஜனவரி 4ஆம் நாள் ஹானாவ் நகரில் பிறந்தார். தந்தையார் அரசாங்க அதிகாரி. 1796இல் அவர் காலமானார். வேலை போனால் வீடும் போகும் அல்லவா? தாயும் ஆறு பிள்ளைகளும் அரசாங்க வீட்டைக் காலி செய்தார்கள். அப்போது யாக்கோபுக்கு வயது 11தான். தாயின் சகோதரியின் உதவியால் காசெல் நகரில் படித்தார். 1802இல் மார்பர்க் பல்கலைக்கழகம் சென்றார். உபகாரச் சம்பளம் வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகளுக்கே போயிற்று. இவருக்கு ஒரு காசுகூடக் கிடைக்கவில்லை. 1808இல் தாயும் மறைய, குடும்பப் பாரம் இவர் தோளில் விழுந்தது.

அந்தக் கஷ்டத்திலும் அண்ணனும் தம்பியும் கதை சேர்த்தார்கள். கவிஞர் பிரெண்டானோ என்ற நண்பர் கேட்டதால், 1810இல் கையெழுத்துப் பிரதியை அவருக்கு அனுப்பினார்கள். அனுப்புமுன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டார்கள். நல்ல வேளை! போன பிரதி திரும்பி வரவே இல்லை. அந்த நகல்தான் கைகொடுத்தது. 1812இல் 86 கதைகளோடு முதல் தொகுதி வெளிவந்தது. 1815இல் வந்த இரண்டாம் தொகுதிக்குப் பல கதைகளைச் சொன்னவர் யார் தெரியுமா? தோட்டத்துக் காய்கறியை நகரத்தில் விற்றுப் பிழைத்த டோரோதியா ஃபீமான் என்ற தையற்காரர் மனைவி! அச்சான பிறகும் சகோதரர்கள் ஓயவில்லை. தங்கள் சொந்தப் பிரதியின் ஓரங்களில் திருத்தங்களையும் குறிப்புகளையும் எழுதிக்கொண்டே இருந்தார்கள். அப்பிரதிகளை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

1837இல் ஹனோவர் மன்னர் அரசியல் சட்டத்தை ரத்துச் செய்தார். கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் எழுவர் எதிர்த்துக் கையெழுத்திட்டனர். இருவரும் அதில் உண்டு. வேலை போயிற்று. யாக்கோப் மூன்றே நாளில் நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. ஆனாலும் கையெழுத்தை அவர் வாபஸ் வாங்கவில்லை.

அடுத்த ஆண்டே ஜெர்மன் பேரகராதியைத் தொடங்கினர். வில்ஹெல்ம் 1859இல் மறைந்தார். யாக்கோப் தனியாகத் தொடர்ந்தார். 1863 செப்டம்பர் 20ஆம் நாள் அவர் கண்மூடியபோது, அகராதி கனி என்ற பொருளுடைய சொல்வரை வந்திருந்தது. மற்றவர்கள் தொடர்ந்து உழைத்து 1961இல் முடித்தார்கள்.

பெற்றோர்களே, அழகான நோட்டு வாங்கிக் கொடுங்கள், தப்பில்லை. ஆனால் அதைச் சும்மா அலமாரியில் வைக்க விடாதீர்கள். மாணவர்களே, இன்றிரவே பாட்டியின் பக்கத்தில் உட்காருங்கள். அவர் சொல்லும் கதையை அப்படியே எழுதுங்கள். மறக்காமல் ஒரு நகலும் எடுத்து வையுங்கள். பாட்டி போன பிறகு அந்தக் கதையை யாரிடம் போய்க் கேட்பது?