கழற்றிப் பார்த்துக் கற்றுக்கொண்ட ஜி.டி. நாயுடு



இந்த மாதம் சுவர் இதழில் அறிவியல் அறிஞர் பகுதியை எழுதுற பொறுப்பு எனக்கு வந்திருக்கு. எடிசன், மேரி கியூரி, சர் சி.வி. ராமன் எல்லாரையும் மற்றவங்க எழுதிட்டாங்க. அதனால நான் நம்ம தமிழ்நாட்டுக்காரர் ஒருவரை எடுத்துக்கிட்டேன். அவர் எந்தப் பட்டமும் வாங்காதவர். ஆரம்பப் பள்ளியைக்கூட ஒழுங்கா முடிக்காதவர். ஆனா ஒரு இன்ஜினியரிங் கல்லூரிக்கே முதல்வராக இருந்தவர்! அவர்தான் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு.

பிறப்பும் இளமையும்

இவருடைய முழுப் பெயர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் தேதி கோயம்புத்தூர் பக்கத்தில் கலங்கல் என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா விவசாயி. பையனுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவே இல்லை. வாத்தியார் மேல மண்ணை வாரி வீசிட்டு ஓடிட்டார்னு சொல்வாங்க. (தோழர்களே, இதை மட்டும் நாம் பின்பற்ற வேண்டாம்!) ஆனா படிப்பை விட்டாலும் படிக்கிறதை விடல. கையில் கிடைத்த புத்தகங்களைத் தானே படித்துக்கொண்டார்.

முந்நூறு ரூபாய் மோட்டார் சைக்கிள்

ஒருநாள் அவருடைய ஊர்ப்பக்கம் ஒரு வெள்ளைக்கார ரெவின்யூ அதிகாரி ரட்ஜ் என்ற மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடு இல்லாம, குதிரை இல்லாம ஒரு வண்டி தானா ஓடுது! துரைசாமிக்கு அது எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சே ஆகணும். வண்டி வாங்கக் காசு இல்லை. அதனால கோயம்புத்தூருக்குப் போய் ஒரு ஓட்டலில் சப்ளையர் வேலைக்குச் சேர்ந்தார். இலை போட்டு, தண்ணீர் வைத்து, ஒவ்வொரு ரூபாயாகச் சேர்த்து, கடைசியில் 300 ரூபாய்க்கு ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார்.

நம்மளா இருந்தா என்ன செய்வோம்? ஏறி உட்கார்ந்து ஊரைச் சுற்றுவோம். அவர் அதைப் பாகம் பாகமாகக் கழற்றினார். திரும்ப மாட்டினார். மறுபடி கழற்றினார். எந்தப் பாகம் எதுக்கு இருக்குன்னு புரியுற வரைக்கும் விடல. அதுதான் அவருடைய கல்லூரி. அதுக்கு அப்புறம் மெக்கானிக் வேலை அவருக்குக் கைவந்தது.

நம்ம கடற்கரையில் வள்ளத்து இன்ஜினைப் பிரித்துப் போட்டிருக்கிறதைப் பார்த்தவங்களுக்கு இது புரியும். பெட்ரோல் இன்ஜினில் பெட்ரோலும் காற்றும் கலந்து உள்ளே வரும், பிஸ்டன் அதை அமுக்கும், பிளக்கில் தீப்பொறி வரும், வெடித்து பிஸ்டனைத் தள்ளும். டீசல் இன்ஜினில் பிளக்கே கிடையாது. காற்றை அமுக்குற சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். இதை நான் முதலில் தெரிஞ்சுக்கிட்டது புத்தகத்தில் இல்லை. எங்க மாமா இன்ஜினைப் பிரிக்கும்போது பக்கத்தில் விளக்குப் பிடிச்சுக்கிட்டு நின்னப்பதான். சிப்பியைத் திறந்தால்தான் முத்து இருக்கா இல்லையான்னு தெரியும். ஆனா திறந்த சிப்பியை மறுபடி மூட முடியாது. இன்ஜினை மூடலாம், ஓட்டவும் செய்யலாம். அதுதான் வித்தியாசம்.

ஒரு பஸ்ஸில் இருந்து

1920-இல் ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையில் தானே ஓட்டினார். முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே. ஒரு பஸ் பல பஸ் ஆச்சு. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெயரில் பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது. இவ்வளவு பணம் வந்த பிறகு சும்மா உட்கார்ந்திருக்கலாம் இல்லையா? அவர் ஒர்க்‌ஷாப்பிலேயே கிடந்தார்.

1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடு என்பவரோடு சேர்ந்து இந்தியாவிலேயே முதன்முதலாக ஒரு மின்சார மோட்டாரைத் தயாரித்தார். மோட்டார் என்பது என்ன? கம்பிச் சுருளில் கரண்ட் போனா அது காந்தம் ஆகும். ஒரு காந்தம் இன்னொரு காந்தத்தை இழுக்கும், தள்ளும். அந்த இழுப்பையும் தள்ளலையும் விடாமல் மாற்றிக்கொண்டே இருந்தா சுழலும். அவ்வளவுதான் தத்துவம். ஆனா அதைச் சூடாகாமல், புகையாமல், வருஷக்கணக்கில் ஓட வைக்கிறதுதான் கஷ்டம். இன்றைக்குக் கோயம்புத்தூர் மோட்டார், பம்புசெட், கிரைண்டர்னா ஊரெல்லாம் பேர். அந்தப் பேருக்கு முதல் புள்ளி வைத்தவர்களில் இவர் ஒருவர்.

கரண்ட் இல்லாத வீட்டுக்கும் கருவி

இவர் கண்டுபிடிப்புகளில் எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். அந்தக் காலத்தில் நிறைய ஊர்களில் கரண்டே கிடையாது. கரண்ட் இல்லாதவங்களுக்கு என்ன செய்யலாம்னு யோசித்திருக்கிறார். டார்ச் லைட்டில் போடுற மாதிரி பேட்டரியில் ஓடுற சின்ன மோட்டாரை வைத்து முகச்சவரம் செய்யும் ரேசர் செய்தார். அதன் பெயர் ரேசன்ட். மண்ணெண்ணெயில் ஓடுற காற்றாடியும் செய்தார். மண்ணெண்ணெயில் எப்படிக் காற்றாடி சுற்றும்னு நானும் யோசித்தேன். இந்த வகைக் காற்றாடியில் அடியில் விளக்கு எரியும். சூடான காற்று விரியும், குளிர்ந்த காற்று சுருங்கும். அது ஒரு பிஸ்டனை மேலும் கீழும் தள்ளி இறக்கையைச் சுற்றும். நம்ம ஏழாம் வகுப்பில் படிச்ச வெப்பத்தால் விரிவடைதல்தான்!

இன்னும் இருக்கு. மிக மெல்லிய ஷேவிங் பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, சினிமாக் கேமராவில் தூரத்தைச் சரிசெய்யும் கருவி எல்லாம் செய்தார். கேமரா மேல அவருக்குப் பெரிய ஆசை. 1936-இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தானே படம் பிடித்தார்.

ஓட்டுப் போடுவதைப் பதிவு செய்ய, யாரும் தில்லுமுல்லு செய்ய முடியாத ஒரு இயந்திரத்தையும் உருவாக்கினார். நம்ம நாட்டில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் முதலில் வந்தது 1982-இல், கேரளாவில் பரூர் தொகுதியில். நாடு முழுக்க மக்களவைத் தேர்தலில் வந்தது 2004-இல். இவர் அதுக்கெல்லாம் முன்னாடியே யோசித்துவிட்டார்.

1941-இல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தன்னால் செய்து தர முடியும் என்று அறிவித்தார். வால்வு என்றால் பல்பு மாதிரி ஒரு கண்ணாடிக் குழாய். டிரான்சிஸ்டர் வந்தது 1947-இல்தான். அதுவரை ரேடியோ என்றால் இந்தக் குழாய்கள்தான், பெட்டியும் பெரிசு, விலையும் பெரிசு. எங்க ஆச்சி காலத்தில் இலங்கை வானொலியைக் கேட்க, ரேடியோ இருக்கிற ஒரு வீட்டு வாசலில் தெருவே உட்காருமாம். எல்லார் வீட்டிலும் ஒரு ரேடியோ என்று இவர் அப்பவே நினைத்திருக்கிறார்.

ஓடாத கார்

1952-இல் இரண்டு பேர் போகிற மாதிரி ஒரு சின்ன பெட்ரோல் கார் செய்தார். விலை 2,000 ரூபாய்தான்! ஆனா அந்தக் காலத்தில் கார் தயாரிக்க அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். லைசென்ஸ் கிடைக்கவில்லை. கார் தயாரிப்பு நின்னு போச்சு.

இதைப் படிச்சப்ப எனக்கு நம்ம வ.உ.சி. ஞாபகம் வந்துட்டார். 1906-இல் நம்ம தூத்துக்குடியில் அவர் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்து, கொழும்புக்குக் கப்பல் விட்டார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து மல்லுக்கு நின்றது. 1908-இல் அவரைப் பிடித்துக் கோயம்புத்தூர் சிறையில் செக்கிழுக்க வைத்தார்கள். 1911-இல் கம்பெனியே மூடப்பட்டது. அவரைத் தடுத்தது அந்நிய ஆட்சி. நாயுடுவின் காரைத் தடுத்தது நம்ம சொந்த ஆட்சியின் காகிதம். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனா செய்யத் தெரிஞ்ச கையைக் கட்டிப்போட்டா நஷ்டம் யாருக்கு? நமக்குத்தானே.

அந்தக் கோபத்தில் அவர் ஒரு காரியம் செய்தார். வரிச்சுமையையும் அரசு ஆதரவு தராததையும் கண்டித்து, தான் செய்த கருவிகளை 1950-களில் மக்கள் பார்க்கத் தானே உடைத்தார். இதைப் படிச்சப்ப எனக்கு மனசே ஆறல. திரும்ப மாட்டுறதுக்காகவே கழற்றினவர், இனி மாட்டவே முடியாதபடி உடைச்சாரே! அப்படிச் செய்திருக்க வேண்டாம்னு ஒரு பக்கம் தோணுது. அவர் மனசு எவ்வளவு வலிச்சிருந்தா அப்படிச் செய்திருப்பார்னு இன்னொரு பக்கம் தோணுது.

கல்லூரி கட்டிய படிக்காத மேதை

1945-இல் கோயம்புத்தூரில் ஒரு பாலிடெக்னிக்கும் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியும் தொடங்கக் காரணமாக இருந்தார். அப்போது சென்னை மாகாண கவர்னராக இருந்த ஆர்தர் ஹோப் பெயரைத்தான் அவற்றுக்கு வைத்தார்கள். அந்த இன்ஜினியரிங் கல்லூரிதான் இப்போது கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. அதில் அவரே முதல்வராக இருந்தார். நான்கு வருஷப் படிப்பு தேவையில்லை, பட்டறையில் கையால் செய்து படித்தால் இரண்டு வருஷமே போதும் என்பது அவர் கருத்து. அதை அரசு ஏற்கவில்லை. பதவியை விட்டு விலகினார். வீம்புக்காரர்தான்! விவசாயத்தையும் விடவில்லை. பருத்தி, பப்பாளி, சோளம் எல்லாவற்றிலும் ஆராய்ச்சி செய்தார்.

1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் தேதி காலமானார். கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் அவர் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது. அதே சாலையில் 2025-இல் திறந்த சுமார் 10 கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கும் அவர் பெயர்தான்.

இப்போது நமக்கு என்ன?

இன்றைக்கு ஹேக்கர் என்றால் பேங்க் பணத்தைத் திருடுறவன்னு நினைக்கிறோம். ஆனா அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற கல்லூரியில், பொம்மை ரயில் ஓட்டும் மாணவர் சங்கத்தில் அந்தச் சொல் புழங்கத் தொடங்கியபோது, ஒரு கருவியை நோண்டிப் புரிந்துகொண்டு, புத்திசாலித்தனமாகப் புதுசா ஏதாவது செய்றவங்களைத்தான் அப்படிச் சொன்னார்கள். அப்படிப் பார்த்தா ஜி.டி. நாயுடு நம்ம ஊர் ஹேக்கர்! இப்போ பசங்க ரோபோ செய்றாங்க. அது என்ன? மோட்டாரும், பேட்டரியும், கண் மாதிரி ஒரு சென்சாரும், கணக்குப் போடுற ஒரு சின்ன சிப்பும். அதில் மோட்டாரை அவர் 1937-லேயே செய்துட்டார்.

ஆனா ஒண்ணு. வீட்டில் பையன் ரேடியோவைப் பிரிச்சா விஞ்ஞானி ஆகப் போறான்னு சிரிக்கிறாங்க. நாங்க ஸ்க்ரூ டிரைவரைத் தொட்டா பொம்பளப் பிள்ளைக்கு இது எதுக்குன்னு கேக்குறாங்க. ஸ்க்ரூவுக்குத் தெரியுமா, திருகுறது யார் கைன்னு?

அதனால் தலைமை ஆசிரியர் ஐயாவுக்கும் அறிவியல் டீச்சருக்கும் ஒரு வேண்டுகோள். ஸ்டோர் ரூமில் பழைய சாமான்களைக் காயலான் கடைக்குப் போடுவதற்காக ஒதுக்கி வைத்திருப்பதைப் பார்த்தேன். ஒரு டேப் ரிக்கார்டர், ஓடாத சுவர்க் கடிகாரம் மூணு, கால்குலேட்டர்கள், ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டி. எடைக்குப் போட்டா கொஞ்சம் காசு வரும். போடுறதுக்கு முன்னாடி எங்களுக்கு ஒரு வாரம் கொடுங்க. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் டீச்சர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் பிரிப்போம். கரண்டில் எதையும் சொருக மாட்டோம். பேட்டரி மட்டும்தான். பழைய டி.வி., மானிட்டர் பெட்டியைத் தொடவே மாட்டோம். சுவிட்சை அணைத்த பிறகும் அதுக்குள்ள ஷாக் அடிக்கிற அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். ஒவ்வொரு பாகத்தையும் வரைந்து, பெயர் எழுதி, அடுத்த மாதச் சுவர் இதழில் ஒட்டுவோம். திரும்ப மாட்டி ஓடினா பள்ளிக்கு ஒரு கடிகாரம் லாபம். ஓடலைன்னா அப்பவும் அதே எடைதானே!

பேர் கொடுக்க விரும்புகிறவங்க ஒன்பதாம் வகுப்பு வாசலில் ஒட்டியிருக்கிற தாளில் எழுதுங்க. இதுவரை ஆறு பேர் சேர்ந்திருக்கோம். அதில் நாலு பேர் பெண்கள்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி